சிஆர்பி 7.2: அடுத்து எந்த டெஸ்ட், எந்த மாத்திரை?

என் தம்பி டிரைலர் லாரி ஓட்டுகிறான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னரோடு துறைமுக கேட்டுக்கு வரிசையில் நிற்பதுதான் பாதி வேலை. வயது 46. சில மாசம் முன்பு யாரோ கொடுத்த தள்ளுபடிக் கூப்பனில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டு, ரிப்போர்ட்டைச் சுருட்டிப் பிடித்தபடி நேராக ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்து நின்றான். உட்காரக்கூட இல்லை.

“இன்னாக்கா இது, ரத்தத்துல வீக்கம் கீதுன்றாங்க. ரத்தத்துல எப்டிக்கா வீக்கம் வரும்?”

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன லேபில் 22 வருஷம் டெக்னீஷியனாக இருந்தவள். டாக்டர் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது கைப்பழக்கத்தில் வந்தது. அவன் தாளில் இருந்தவை இவை: மொத்தக் கொழுப்பு 211, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 138, நல்ல கொழுப்பான எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 196. மூன்று மாசச் சர்க்கரை 5.9, அதாவது சர்க்கரை நோய் இல்லை, வாசற்படியில் நிற்கிறது. பிரஷர் 134/86. கடைசி வரியில் சிவப்பு எழுத்தில் எச்எஸ்-சிஆர்பி 7.2. அழற்சியை, அதாவது அவன் சொன்ன வீக்கத்தை, காட்டும் புரதம் அது.

அந்தக் கடைசி வரிக்கு மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருந்தார்கள். செக்கப் நடத்திய இடத்தில் போனில் பேசியவர், இதயத்துக்குக் கால்சியம் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். எங்கள் தெரு டாக்டர் கொழுப்பு மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்றார். கூட வண்டி ஓட்டும் ஆள் மஞ்சள் கேப்சூல் டப்பா ஒன்றைக் கையில் திணித்திருந்தார். நான்காவது வழி என்னுடையது: ஒன்றும் செய்யாமல் முதலில் அதே டெஸ்டைத் திரும்ப எடு. எதைச் செய்வது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அந்தக் கணக்குதான் இது.

முதலில் அந்தப் புரதம். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்ற மாவுப்பொருளோடு சேர்ந்து படிந்ததால் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர். வைட்டமின் சி-க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிஆர்பி அதிகம் என்றதும் ஒரு டஜன் சாத்துக்குடியோடு லேபுக்குத் திரும்பி வந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அதில் இரண்டை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

உடம்பில் எங்காவது அழற்சி நடந்தால், அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற தகவல் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கும். ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். காரணம் நீங்கிவிட்டால், ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். பல் சொத்தை, சளிக் காய்ச்சல், மூட்டு வாதம், தொப்பைக் கொழுப்பு, புகை, தூக்கமின்மை எல்லாமே இதை ஏற்றும். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து அழன்றுகொண்டிருந்தாலும் ஏற்றும், ஆனால் கொஞ்சமாக, வருஷக்கணக்கில், சத்தமில்லாமல். அந்தக் கொஞ்சத்தை அளக்கத்தான் எச்எஸ் என்ற நுண்ணிய டெஸ்ட் வந்தது.

போகி அன்று விடியற்காலையில் தண்டையார்பேட்டையில் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் ஊர் முழுக்கப் புகை. அந்தப் புகையை வைத்து உங்கள் வீட்டுச் சமையலறையில் ஏதாவது தீய்கிறதா என்று சொல்ல முடியுமா? முடியாது. போகி முடிந்து நாலு நாள் கழித்தும் வீட்டுக்குள் மெல்லிய புகை வந்துகொண்டிருந்தால்தான் அடுப்படியைப் போய்ப் பார்க்க வேண்டும். தம்பியிடம் இப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்: “ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி உனக்கு உடம்புக்கு ஏதாச்சும்…?”

இரண்டு வாரம் முன்பு காய்ச்சல். அது போக, மாவா என்ற பாக்கு-புகையிலைக் கலவையைப் போட்டுப் போட்டு இடது கீழ்த்தாடையில் ஈறு வீங்கி, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. வலி மாத்திரை விழுங்கிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறான். ரத்தம் எடுத்தவர் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. போகி நாளில் புகையை அளந்திருக்கிறார்கள்.

திரும்ப எடுப்பது என்ற வழி

இது மலிவு. லேபுக்கு லேப் மாறினாலும் சில நூறு ரூபாயில் முடியும். 2003-இல் அமெரிக்க இதயச் சங்கமும் அங்குள்ள நோய்த் தடுப்பு மையமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்தான் இன்றைக்கும் லேப் ரிப்போர்ட்டுகளின் ஓரத்தில் அச்சாகிறது: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு நோய் இருக்கிறதா என்று பார்த்து, அது ஆறிய பின் மறுபடி எடுக்க வேண்டும். எப்படியானாலும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் முறை. இரண்டாவது தடவை எடுக்கச் சொல்கிற இடங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதில் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று, சாதாரண சிஆர்பியும் எச்எஸ்-சிஆர்பியும் அளப்பது ஒரே புரதத்தைத்தான், அளவுகோல்தான் வேறு. காய்ச்சலுக்கு எடுக்கும் பழைய முறையில் 6-க்குக் கீழ் எல்லாமே ‘நெகட்டிவ்’ என்று வரும். இதயத்துக்குப் பார்க்க வேண்டிய வித்தியாசம் முழுக்க அந்த 6-க்குள்தான் அடங்கியிருக்கிறது. நான் வேலை செய்த இடத்திலேயே ஒருமுறை எச்எஸ் என்று டாக்டர் எழுதியதற்குச் சாதாரண கிட்டில் போட்டு ‘நெகட்டிவ்’ என்று கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்த அம்மா சந்தோஷமாகப் போனார். மறுநாள் டாக்டர் போன் செய்து திட்டிய பிறகுதான் திரும்ப ரத்தம் எடுத்தோம். இரண்டாவது குழி, அலகு. சில லேப்கள் லிட்டருக்கு எழுதும், சில டெசிலிட்டருக்கு எழுதும். டெசிலிட்டருக்கு 0.3 என்றால் லிட்டருக்கு 3. 0.3-ஐப் பார்த்து நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

சரி, திரும்ப எடுத்தாலும் அந்த எண் எதற்கு உதவும்? இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றை அப்புறப்படுத்த வந்த வெள்ளையணுக்கள் தின்று தின்று வயிறு ஊதி, அங்கேயே நுரை மாதிரித் தங்கிவிடுகின்றன. உள்ளே கொழுப்புப் படிகங்கள் உருவாகின்றன. அந்தப் படிகங்கள் செல்லுக்குள் ஒரு அபாய மணியை அடிக்க, இன்டர்லூக்கின்-1 பீட்டா வருகிறது. அது இன்டர்லூக்கின்-6-ஐக் கிளப்ப, அது கல்லீரலுக்குப் போக, கடைசியில் சிஆர்பி. சங்கிலியின் வால் அது. பிறவியிலேயே மரபணுவால் சிஆர்பி அதிகமாகச் சுரப்பவர்களை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டபோது, அவர்களுக்கு மாரடைப்பு ஒன்றும் கூடுதலாக வரவில்லை. மறுவருஷம் இன்டர்லூக்கின்-6 ஏற்பியின் மரபணுவைப் பார்த்தபோது, அந்தத் தகவல் பிறவியிலேயே மந்தமாகப் போகிறவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஆக, சிஆர்பி தானாகப் போய்க் குழாயை அடைப்பதில்லை; மேலே நடப்பதைச் சொல்லும் சாட்சி. சாட்சியைக் குறைக்க மருந்து சாப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆனால் சாட்சி சொல்வதைக் கேட்கலாம்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆரோக்கியமாக இருந்த 27,939 பெண்களிடம் ஒருமுறை ரத்தம் எடுத்து 30 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2024-இல் வந்தது. எல்டிஎல், எச்எஸ்-சிஆர்பி, எல்பி-ஏ என்ற இன்னொரு கொழுப்புத் துகள் (அதைப் பின்னால் சொல்கிறேன்) மூன்றுமே தனித்தனியாகப் பிற்கால ஆபத்தைக் காட்டின. மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரோடு ஒப்பிட்டால், மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு எல்டிஎல்லில் ஆபத்து 1.36 மடங்கு, எல்பி-ஏயில் 1.33 மடங்கு, சிஆர்பியில் 1.70 மடங்கு. சாட்சி என்று ஒதுக்கிவிட முடியாத சாட்சி.

எச்டிஎல் 34 என்ன ஆனது?

தம்பிக்குச் சிஆர்பியைவிட இதில்தான் கவலை. “நல்ல கொழுப்பு கம்மியாம், அத ஏத்தறதுக்கு ஒரு மாத்திரை இருந்தா குடுத்துட சொல்லேன்க்கா.” இந்தக் கேள்விக்குச் சிஆர்பியின் உடன்பிறப்பு ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. அதன் பெயர் சீரம் அமிலாய்டு ஏ. அதுவும் கல்லீரலில்தான் முக்கியமாகச் சுரக்கிறது, அதே தகவலுக்குத்தான் ஏறுகிறது. கடுமையான தொற்றில் ஆயிரம் மடங்கு வரைகூட ஏறும். காசநோய், மூட்டுவாதம் மாதிரி வருஷக்கணக்கில் அழற்சி நீடித்தால் இதே புரதத்தின் துண்டுகள் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுப்பதும் உண்டு.

சிஆர்பி ரத்தத்தில் தனியாக மிதக்கும். இது அப்படியில்லை, எச்டிஎல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எச்டிஎல்லின் வேலை, குழாய்ச் சுவரில் இருக்கும் செல்களிடமிருந்து கொழுப்பை வாங்கிக் கல்லீரலுக்குக் கொண்டுபோய் இறக்குவது. அந்த வேலையை நடத்துவது அதன் மேல் இருக்கும் ஏ-1 என்ற புரதம். தம்பிக்குப் புரியும்படி சொன்னேன்: எச்டிஎல் உன் டிரைலர், ஏ-1 அதன் டிரைவர். அழற்சி நேரத்தில் இந்த அமிலாய்டு ஏ கும்பலாக வந்து டிரைவரை இறக்கிவிட்டு சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. வண்டி ஓடும், ஆனால் லோடு எடுக்கும் திறமை குறைந்துவிடும். போதாக்குறைக்கு அந்த வண்டி குழாய்ச் சுவரில் இருக்கும் சர்க்கரைப் புரத வலையில் போய் ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. எலிகளில் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்க வைத்தபோது குழாய்ப் படிவு கூடியது.

ரிப்போர்ட்டில் வரும் எச்டிஎல் எண், டோல்கேட்டைத் தாண்டிய சரக்கு எவ்வளவு என்பது மட்டும்தான். வண்டி வேலை செய்கிறதா என்பதை அது சொல்லாது. வெறும் எண்ணை ஏற்றிப் பார்த்தவர்கள் பட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 72 சதவீதம் ஏற்றியது. எடுத்தவர்களில் அதிகம் பேர் இறந்ததால் 2006-இல் சோதனையையே நிறுத்தினார்கள். அந்த மருந்துக்குப் பிரஷரை ஏற்றும் தனிக் கோளாறும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்தடுத்து வந்தவையும், பழைய நியாசினும்கூட, எண்ணை ஏற்றியதால் மட்டும் மாரடைப்பைத் தடுத்துவிடவில்லை. அதனால் எச்டிஎல்லை ஏற்றும் மாத்திரை என்ற வழியை அன்றைக்கே அடித்துவிட்டேன். மாறாக, எச்டிஎல் 60 இருக்கிறது, எல்டிஎல் 160 இருந்தால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்களுக்கும் இதே பதில்தான்.

சீரம் அமிலாய்டு ஏவை நேராகவே அளந்துவிட்டால் என்ன? தேவையில்லை. சிகிச்சைக்கு எல்லை வகுத்த எண்கள் அதற்குக் கிடையாது; சிஆர்பியோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் சிஆர்பியே போதும்.

இன்னொரு விஷயம். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது எச்டிஎல்லும் எல்டிஎல்லும் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும். அவனுடைய 138 என்ற எல்டிஎல்லேகூட உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம். பொய் சொன்னது சிஆர்பி மட்டும் இல்லை, அன்றைக்குத் தாளில் இருந்த பாதி எண்கள் காய்ச்சலோடு சேர்ந்து பேசியவை.

கால்சியம் ஸ்கேன்

இதைத்தான் அவன் விரும்பினான். படம் பார்த்தால் நம்பிக்கை வரும் என்பது லாரிக்காரர் மனசு. இன்ஜினைத் திறந்து பார்க்காமல் அவன் எதையும் நம்ப மாட்டான். சிடி ஸ்கேன்தான், ஊசி மருந்து இல்லை, சில நிமிஷம். 1990-இல் அகாட்ஸ்டன் வகுத்த முறைப்படி இதயக் குழாய்களில் படிந்த சுண்ணாம்புக்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். பூஜ்ஜியம் என்றால் அடுத்த சில வருஷங்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. 100-ஐத் தாண்டினால் மாத்திரை தேவை என்பதில் பெரிய வாக்குவாதம் இருக்காது. செலவு சில ஆயிரம் ரூபாய், கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். பயப்படும் அளவு இல்லை.

சிஆர்பி உடம்பு முழுவதற்கும் சாட்சி. கால்சியம் மதிப்பெண் அந்தக் குழாயிலேயே எடுத்த தடயம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தடயம்தான் கனமானது என்று நானே ஒத்துக்கொள்வேன். ஐம்பத்தைந்து, அறுபது வயதில், குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லாமல், மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று ஊசலாடுபவருக்குச் சிஆர்பியைவிட இதுவே நல்ல செலவு. பூஜ்ஜியம் வந்தால் நிம்மதியாக மாத்திரையைத் தள்ளிப்போடலாம்.

ஆனால் எங்கள் அப்பா 51 வயதில் காசிமேட்டில் ஏலக் கடைக்கு முன்னால் சரிந்து விழுந்து போனவர். 2018-இன் அமெரிக்க வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: பூஜ்ஜியம் வந்தால் மாத்திரையைத் தள்ளலாம், ஆனால் சர்க்கரை நோய், சிகரெட், இளம் வயதிலேயே இதய நோய் வந்த குடும்பம் இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அந்தப் பூஜ்ஜியத்தை நம்பி விடக் கூடாது. சுண்ணாம்பு என்பது பழைய தழும்பு. நாற்பதுகளில் இருப்பவர்களின் படிவு பல நேரம் இன்னும் சுண்ணாம்பு ஏறாத இளசு, ஸ்கேனில் தெரியாது.

இப்போது யோசியுங்கள். 150 வந்தால் மாத்திரை. பூஜ்ஜியம் வந்தாலும், அப்பாவின் கதையால், மாத்திரைப் பேச்சு அப்படியே நிற்கும். இரண்டு பதிலுக்கும் ஒரே முடிவு என்றால் அந்தக் கேள்விக்கு எதற்குக் காசு? ஸ்கேனைக் கழித்தோம். தம்பிக்கு இதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

எல்பி-ஏ

இதை யாருமே அவனிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்த துகள் இது. எல்டிஎல் மாதிரியே இருக்கும், மேலே கூடுதலாக ஒரு புரத வால் சுற்றியிருக்கும். அழற்சியைத் தூண்டும் ஆக்சிஜனேற்றக் கொழுப்புகளைச் சுமந்துகொண்டு குழாய்ச் சுவருக்குள் போகும். சாப்பாட்டாலோ நடைப்பயிற்சியாலோ பெரிதாக மாறாது. அப்பா அம்மா கொடுத்ததுதான். அதனால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். சாதாரண லிப்பிட் ரிப்போர்ட்டில் இது தனியாக வராது. விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி. ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை இதைக் குறைக்காது. ஆனால் இது அதிகம் என்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்கலாம். அழற்சி இதையும் கொஞ்சம் ஏற்றலாம் என்பதால் ஈறு ஆறிய பின் எடுக்கச் சொன்னேன்.

அப்பா, தாத்தா, சித்தப்பா என்று இளம் வயதில் மாரடைப்பில் போனவர்கள் வீட்டில், சிஆர்பிக்கு முன்னால் இந்த டெஸ்டுக்குத்தான் நான் காசைப் போடுவேன். அபோ-பி என்ற இன்னொன்றும் இருக்கிறது. கெட்ட துகள் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று இருப்பதால், துகள்களைத் தலை எண்ணுவது மாதிரி. டிரைகிளிசரைடு அதிகம் இருப்பவர்களுக்கு எல்டிஎல்லைவிடத் துல்லியம். காசு இருந்தால் எடுக்கலாம். இல்லாவிட்டால் மொத்தக் கொழுப்பில் எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள், இலவசமாகவே ஏறக்குறைய அதே தகவல் கிடைக்கும். தம்பிக்கு 177 வந்தது.

நேராக மாத்திரை

தெரு டாக்டர் சொன்னது தவறில்லை. ஸ்டாட்டின் எல்டிஎல்லையும் குறைக்கும், சிஆர்பியையும் குறைக்கும். 2008-இல் வந்த ஜூபிடர் ஆய்வில் எல்டிஎல் 130-க்குக் கீழும் சிஆர்பி 2-க்கு மேலும் இருந்த 17,802 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்தன. அந்த 44-ஐப் பார்த்து மயங்க வேண்டாம்: வருஷத்துக்கு 100 பேரில் 1.36 பேருக்கு வந்தது 0.77 ஆனது. பலன் உண்மை, ஆனால் ஒரு ஆளுக்குக் கிடைப்பது அந்த அளவுதான். சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்கள் மாத்திரைப் பக்கம் கொஞ்சம் கூட, 216-க்கு எதிராக 270 பேர். 5.9-இல் நிற்கும் என் தம்பி இதைத் தெரிந்துகொண்டுதான் விழுங்க வேண்டும். இன்னொரு குறை, சிஆர்பி குறைவாக இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதனால் சிஆர்பி அதிகம் இருப்பவருக்குத்தான் மாத்திரை வேலை செய்யும் என்று அதை வைத்துச் சாதிக்க முடியாது.

அழற்சியை மட்டும் குறைத்தால் பலன் உண்டா என்று நேராகக் கேட்ட ஆய்வு 2017-இன் கான்டோஸ். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர். கொழுப்பைத் தொடாமல் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் ஊசி. மூன்று மாசத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு அடுத்த தாக்குதல் 15 சதவீதம் குறைந்தது. தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். காசநோய் இன்னும் தெருவுக்குத் தெரு இருக்கிற நம் பக்கத்துக்கு அந்த ஊசியை நினைக்கவே பயமாக இருக்கிறது, விலையும் அப்படி. மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் ஒரு பலனும் இல்லை.

அப்புறம் கால்கிசின். இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை, ஏனென்றால் நம் மாநிலப் பூவான செங்காந்தளில் இருக்கும் பொருள் இதுதான். கண்வலிக்கிழங்கு என்று சொல்வோமே, அதே செடி. கவுட் மூட்டுவலிக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் மருந்து. தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்த 2019, 2020 ஆய்வுகளில் இதய நோயாளிகளுக்கு அடுத்த தாக்குதல் 23, 31 சதவீதம் என்று குறைந்தது. 2023-இல் அமெரிக்காவில் இதற்காகவே அனுமதியும் கிடைத்தது. 2024-இல் மாரடைப்பு வந்த உடனே 7,062 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வில் பலன் காணவில்லை. எப்படியானாலும் அது நோய் வந்தவர்களுக்கான பேச்சு. கிழங்கை அரைத்துச் சாப்பிடலாமா என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, அது ஆளைக் கொல்லும் விஷம்.

மஞ்சள் கேப்சூலுக்கு ஒரு வரி போதும்: சிறு ஆய்வுகளில் சிஆர்பி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாரடைப்பைக் குறைத்ததாகப் பெரிய ஆய்வு எதுவும் இல்லை, குழம்பில் போடுவதே போதும்.

இதெல்லாம் நெஞ்சு வலி இல்லாதவர்களுக்கான கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. நெஞ்சை அழுத்துகிறது, வேர்க்கிறது, இடது கை இழுக்கிறது என்றால் சிஆர்பியும் வேண்டாம், லேபும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே எடுப்பது ஈசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்த டெஸ்டும்.

நாங்கள் எடுத்த வழி

முதலில் பல். ஆடிய பல்லைப் பிடுங்கி, ஈறைச் சுத்தம் செய்தார்கள். ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் சிஆர்பி ஓரளவு இறங்கும் என்பது பல ஆய்வுகளில் வந்தது. மாவாவை விடச் சொன்னதற்கு, “வண்டில தூங்காம இருக்கறதுக்குக்கா” என்றான். பாதி விட்டிருக்கிறான் என்கிறான். எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அத்தோவும் முட்டை மசாலாவும் சாப்பிட்டுவிட்டு சீட்டிலேயே மூன்று மணி நேரம் தூங்குபவனிடம் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது எனக்கே சிரிப்பாக இருந்தது. மணலியின் காற்றையும் துறைமுக வரிசையின் டீசல் புகையையும் அவனால் மாற்ற முடியாது. நுண்தூசி அழற்சியைக் கூட்டும் என்று தெரிந்தாலும் அவனிடம் இருப்பது ஜன்னலை ஏற்றிக்கொள்வது ஒன்றுதான்.

ஐந்து வாரம் கழித்து ரத்தம் எடுத்தோம். சிஆர்பி 2.6. இன்னும் இரண்டு வாரம் கழித்து 2.2. சராசரி 2.4. ஊர்ப் புகை அடங்கியும் வீட்டுக்குள் கொஞ்சம் மிச்சம். எல்டிஎல் 151, நான் சந்தேகப்பட்டது சரி. எச்டிஎல் 37. எல்பி-ஏ 68.

இந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்த இன்னொரு டாக்டருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்பாவின் வயது, 68 என்ற எல்பி-ஏ, 2-க்கு மேல் நின்ற சிஆர்பி மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன. ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதினார். எட்டு வாரம் கழித்து லிப்பிட் மட்டும் பார்க்கச் சொன்னார், சிஆர்பி வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இனி கவனிக்க வேண்டியது எல்டிஎல்லை. நேராக மாத்திரை என்று முதல் நாளே சொன்ன தெரு டாக்டரும் இதே இடத்துக்குத்தான் வந்திருப்பார், இரண்டு மாசம் முன்னாலேயே. ஆனால் ஏன் என்று தெரியாத மாத்திரையைத் தம்பி பத்து நாளில் நிறுத்தியிருப்பான். அவனை எனக்குத் தெரியும்.

போன வாரம் மாத்திரைப் பட்டையைக் காட்டிவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான்: “ஏன்க்கா, அந்த 68 அப்பா குடுத்ததுன்னியே. உனக்கு எவ்ளோ?”

எனக்கு 53 வயது. 22 வருஷம் மற்றவர்கள் கையில் ஊசி குத்தியிருக்கிறேன். என் எல்பி-ஏவை நான் பார்த்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பழைய லேபுக்குப் போய்க் கையை நீட்டப் போகிறேன்.